கோத்தகிரிப் பனிமூட்டத்தில் ஆட்டோஃபோகஸும் மேனுவலும்: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

ஆட்டோஃபோகஸ் துல்லியமா, ஃபோகஸ் வளையத்தைக் கையால் திருப்புவது (மேனுவல்) துல்லியமா என்று யாராவது கேட்டால், எதில் பார்த்துத் திருப்புகிறீர்கள் என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். லென்ஸும் கையும் அதேதான். ஆனால் உள்ளே கண்ணாடி வைத்த டிஎஸ்எல்ஆர் கேமராவின் வியூஃபைண்டரில், அதாவது கண் வைத்துப் பார்க்கும் துளையில், பார்த்துத் திருப்பினால் ஒரு முடிவு வரும், பின்திரையில் பத்து மடங்கு பெரிதாக்கித் திருப்பினால் வேறு முடிவு வரும்.

என்னிடம் இருப்பவை: கிராப் சென்சார் (சிறிய அளவு சென்சார்) டிஎஸ்எல்ஆர் ஒன்று, அதற்குப் பின் வாங்கிய, உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் பாடி, 50 எம்எம் எஃப் 1.8 (எஃப் எண் சிறியதானால் லென்ஸின் திறப்பு பெரிது, ஷார்ப்பாக இருக்கும் ஆழம் குறைவு), ஒரு 70-300 ஜூம், செகண்ட் ஹேண்டில் கிடைத்த 105 எம்எம் மேனுவல் லென்ஸ். பிராண்ட் பெயர் சொல்லப் போவதில்லை. சொன்னால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

முதலில் டிஎஸ்எல்ஆர். 50 எம்எம் லென்ஸை எஃப் 1.8-இல் வைத்து இரண்டு மீட்டர் தூரத்தில் ஒருவரை எடுத்தால், கிராப் சென்சாரில் ஷார்ப்பாக இருக்கும் ஆழம் சுமார் 11 சென்டிமீட்டர். ஒரு மீட்டருக்கு நெருங்கினால் மூன்று சென்டிமீட்டர்கூட இல்லை. இந்த இடைவெளிக்குள் கையால் ஃபோகஸை நிறுத்த முடியுமா? வியூஃபைண்டரில் பார்த்தால் முடிவதுபோலத்தான் தெரியும். கணினியில் திறந்தால் கண் மங்கலாகவும் காது ஷார்ப்பாகவும் இருக்கும்.

இது கைப்பழக்கக் குறை இல்லை. இன்றைய டிஎஸ்எல்ஆர்களின் ஃபோகஸிங் ஸ்கிரீன் (வியூஃபைண்டரில் நாம் பார்க்கும் பிம்பம் விழும் தகடு), சாதாரண ஜூம் லென்ஸ் மாட்டினாலும் வெளிச்சமாகத் தெரிய வேண்டும் என்பதற்காகச் செய்யப்பட்டது. எஃப் 1.8 லென்ஸ் மாட்டினாலும் அதில் ஏறக்குறைய எஃப் 2.8-க்கு உரிய ஆழம்தான் தெரியும். படத்தில் மங்கலாகப் போகும் இடம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தால், யார் திருப்பினாலும் தவறத்தான் செய்யும்.

குன்னூரில் முன்பு ஸ்டுடியோ வைத்திருந்த அண்ணன் ஒருவர் இதை ஒத்துக்கொள்ளவே மாட்டார். "தம்பி, நாங்க எடுத்த கல்யாணத்துல எந்தப் பொண்ணு முகம் மங்கலா இருந்துச்சு?" என்பார். அவர் சொல்வதும் நியாயம்தான். ஊட்டி இந்து நகரில் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஓடிக்கொண்டிருந்த காலத்து கேமரா அவருடையது. அதன் ஸ்கிரீன் நடுவில் ஸ்ப்ளிட் வட்டம் இருக்கும். ஃபோகஸ் விலகினால் சில்வர் ஓக் தண்டு நடுவில் வெட்டுப்பட்டுத் தெரியும், சரியானதும் இரண்டு துண்டும் ஒன்றாகிவிடும். ஆட்டோஃபோகஸ் வந்த பிறகு அந்த வட்டத்தை எடுத்துவிட்டார்கள். 1985-இல் மினோல்டா 7000 என்ற ஆட்டோஃபோகஸ் கேமரா வந்ததிலிருந்தே கேமரா கம்பெனிகளின் கவனம் மோட்டார் பக்கம் போய்விட்டது.

கண்ணாடி போடுகிறவர்களுக்கு ஒன்று: வியூஃபைண்டர் ஓரத்தில், அவரவர் பார்வைக்கு ஏற்பச் சரிசெய்ய இருக்கும் டையாப்டர் சக்கரம் பைக்குள் உரசித் திரும்பிவிடும். உள்ளே தெரியும் எண்கள் கூர்மையாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் மேனுவலில் இறங்க வேண்டும். ஆட்டோஃபோகஸுக்கு இந்தக் கவலை இல்லை.

அதனால் ஆட்டோ குறையே இல்லாதது என்று ஆகிவிடாது. டிஎஸ்எல்ஆரில் ஒரு சோதனை செய்து பார்த்தேன்: ட்ரைபாடில் கேமராவை வைத்து, சாய்வாக ஒரு அளவுகோல், பக்கத்தில் நேராக நிற்கும் ஒரு அட்டைப்பெட்டி. பெட்டியின் மேல் ஃபோகஸ் செய்ய வேண்டும். ஒவ்வொரு முறையும் ஃபோகஸைக் கலைத்துவிட்டுத்தான் எடுத்தேன். இல்லையென்றால் லென்ஸ் இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு நல்ல பேர் வாங்கிவிடும். வியூஃபைண்டர் வழி ஆட்டோவில் முடிவுகள் கொஞ்சம் சிதறின. சிதறியவை பெரும்பாலும் பெட்டிக்கு முன்பக்கமாகவே விழுந்தன. லைவ் வியூவில், அதாவது பின்திரையில், பெரிதாக்கிக் கையால் திருப்பியவை அநேகமாக ஒரே கோட்டில் நின்றன.

டிஎஸ்எல்ஆரில் ஃபோகஸை அளக்கும் சென்சார், படம் பிடிக்கும் சென்சாரிலிருந்து தனியாகக் கண்ணாடிக்குக் கீழே இருக்கிறது. இரண்டுக்கும் ஒளி போகும் தூரம் இம்மி மாறினாலும் முன்னாலோ பின்னாலோ ஃபோகஸ் ஆகும். மெனுவில் ஃபைன் ட்யூன் (லென்ஸுக்கு ஒரு திருத்த எண் கொடுக்கும் வசதி) இருந்தால் இதைத் திருத்திக்கொள்ளலாம், 50 எம்எம்முக்கு நன்றாகவே வேலை செய்தது. ஆனால் அது ஒருபக்கச் சாய்வை மட்டும்தான் சரிசெய்யும், சிதறலை ஒன்றும் செய்யாது. ஜூமுக்கு 70-இல் பொருந்திய எண் 300-இல் பொருந்தவில்லை. வீட்டில் மஞ்சள் குண்டு பல்பு வெளிச்சத்தில் வேறு மாதிரி விலகியது. ஆட்டோஃபோகஸ் சென்சாருக்கு வெளிச்சத்தின் நிறமும் ஒரு விஷயம்.

மிரர்லெஸ் வந்ததும் இந்தத் தலைவலி போய்விட்டது. படம் விழும் சென்சாரிலேயே ஃபோகஸும் அளக்கப்படுவதால் ஃபைன் ட்யூன் பக்கம் போகவே தேவைப்படவில்லை. ஆள், குழந்தை, கல்யாணம் என்றால் கண்ணைப் பிடிக்கும் ஆட்டோதான், யோசிக்க ஒன்றுமே இல்லை.

ஆனால் நாம் இருப்பது மலையில். இங்கே மதியத்துக்கு மேல் மேகம் இறங்கிவிட்டால் எதிரே இருக்கும் தேயிலைச் சரிவே காணாமல் போகும். இந்த கேமராக்களின் ஆட்டோஃபோகஸ் முறையான ஃபேஸ் டிடெக்ஷன், லென்ஸின் இரு பக்கத்திலிருந்து வரும் ஒளியை ஒப்பிட்டு விலகலைக் கணக்கிடுகிறது. ஒப்பிட ஒரு விளிம்பு வேண்டும். பனிமூட்டத்தில் விளிம்பே இல்லை, லென்ஸ் முன்னும் பின்னும் அலைந்துவிட்டு ஓய்ந்துபோகும். இல்லையென்றால் முன்னால் இருக்கும் புல்லைப் பிடித்துக்கொள்ளும். மலை ரயிலின் நீராவியிலும் இதே கதைதான். ரன்னிமேடு பக்கம் ரயிலுக்குக் காத்திருக்கும்போது தண்டவாளத்தில் ஓர் இடத்தில் கையால் ஃபோகஸ் வைத்துவிடுவேன். பல்சக்கரப் பாதையில் வண்டி மெதுவாகத்தான் ஏறி வரும், அந்த இடத்துக்கு வந்ததும் அழுத்தினால் போதும்.

பலர் கவனிக்காத ஒன்று உண்டு. பெரும்பாலான மிரர்லெஸ் சென்சார்களில் ஃபோகஸ் பிக்சல்கள் இடம், வலம் என்று பிரிக்கப்பட்டவை. நெட்டுக்குத்தான கோடுகளை அவை சட்டென்று பிடிக்கும், கிடைமட்டக் கோடுகளில் திணறும். கொடநாடு காட்சி முனையிலிருந்து மாலையில் அடுக்கடுக்காகத் தெரியும் மலைமுகடுகள் எல்லாம் கிடைமட்டம்தானே. சில்வர் ஓக் வரிசையை நொடியில் பிடிக்கும் கேமரா அந்த முகடுகளில் தடுமாறுவதற்கு இதுதான் காரணம். கேமராவைக் கொஞ்சம் சாய்த்து ஃபோகஸ் செய்து, பூட்டிவிட்டு, நேராக்கி எடுத்தால் சரியாகிவிடும். இதற்கு மேனுவலுக்கு மாற வேண்டியதுகூட இல்லை.

கோத்தகிரி பக்கத்துக் காடான லாங்வுட் சோலை வேறு உலகம். கருப்பு-ஆரஞ்சு ஈப்பிடிப்பான் தரைக்குப் பக்கத்தில், புதருக்குள், இருட்டில் உட்காரும். 300 எம்எம்மில், எஃப் 5.6-இல், ஐந்து மீட்டர் தூரத்தில் ஆழம் ஆறு சென்டிமீட்டர் அளவுதான். கையால் திருப்பிக்கொண்டிருந்தால் குருவி அடுத்த கிளைக்குப் போய்விடும். ஆட்டோ என்றால் முன்னால் இருக்கும் குச்சியைப் பிடிக்கும். எனக்கு ஒத்துவந்தது இரண்டும் கலந்த வழி: ஃபோகஸை ஷட்டர் பட்டனிலிருந்து பிரித்து, கேமராவின் பின்பக்கப் பட்டன் ஒன்றுக்குக் கொடுத்துவிட்டேன். குச்சியில் மாட்டினால் வளையத்தை லேசாகத் திருப்பிப் பறவைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, மறுபடி பட்டனை அழுத்துகிறேன். மிச்சத்தை ஆட்டோ பார்த்துக்கொள்ளும். நீலகிரி சிரிப்பான் கூட்டம் கொஞ்சம் வெளியே வந்து சத்தம் போடும் என்பதால் அதற்கு இவ்வளவு பாடு கிடையாது.

ராத்திரி வானத்துக்கு மேனுவல் மட்டும்தான். லென்ஸில் இருக்கும் இன்ஃபினிட்டி குறியை நம்பாதீர்கள். பல லென்ஸ்கள் அந்தக் குறியைத் தாண்டியும் திரும்பும். வெப்பநிலை மாறும்போது ஃபோகஸ் நகர்வதற்காக விட்ட இடம் அது. மார்கழிக் குளிரில் வெளியே வைத்த லென்ஸ் ஒரு மணி நேரத்தில் கொஞ்சம் நகர்ந்துவிடுகிறது. நல்ல பிரகாசமான நட்சத்திரத்தைப் பெரிதாக்கி, புள்ளி ஆகச் சிறியதாகும் வரை திருப்புவேன். நட்சத்திரம் தெரியாவிட்டால் கீழே மேட்டுப்பாளையம் விளக்குகளே போதும். அப்புறம் வளையத்தில் டேப் ஒட்டிவிடுவேன். முன்கண்ணாடியில் பனித்துளி படிந்திருக்கிறதா என்றும் அவ்வப்போது பார்க்க வேண்டும், அதைப் பல நேரம் ஃபோகஸ் பிழை என்று நினைத்துவிடுகிறோம்.

மிரர்லெஸில் மேனுவலுக்கு ஃபோகஸ் பீக்கிங் தருகிறார்கள். வண்ணக் கோடு போட்டுக் காட்டும், பார்க்க அழகு. ஆனால் அது காட்டுவது கான்ட்ராஸ்ட் அதிகமான விளிம்பை. எஃப் 1.8-இல் இமை, புருவம், மூக்குத்தி என்று எல்லாவற்றிலும் கோடு விழுந்துவிடுகிறது. இடம் தேட பீக்கிங், முடிவு செய்ய பெரிதாக்கல் என்று வைத்துக்கொண்டால் பழைய 105 எம்எம் இந்தப் பாடியில்தான் முதன்முதலாகத் தன் முழுத் தரத்தைக் காட்டுகிறது. நிழலுக்குள் கொழுந்து பறிப்பவர்களை எடுக்க இப்போது அதைத்தான் எடுத்துப் போகிறேன்.

புதிய ஆட்டோ லென்ஸ்களின் வளையம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. பலவற்றில் அது நேராக லென்ஸை நகர்த்துவதில்லை, மோட்டாருக்குக் கட்டளை மட்டும் கொடுக்கிறது. வேகமாகத் திருப்பினால் நிறையவும் மெதுவாகத் திருப்பினால் கொஞ்சமும் நகரும், அதனால் கைக்கு நினைவு பதிவதே இல்லை. மேனுவலும் செய்கிற எண்ணம் இருந்தால், இந்த வேக வேறுபாட்டை அணைக்கவும் வளையம் திரும்பும் திசையை மாற்றவும் மெனுவில் வழி இருக்கிறதா என்று கடையிலேயே பாடியைக் கையில் வாங்கிப் பார்த்துவிடுங்கள். என் பாடியில் திசையை மாற்ற முடிகிறது, வேகத்தை முடியவில்லை.