ராவா ஜேபெக்கா? தனுஷ்கோடிக்கு கேமரா எடுத்துட்டுப் போறவங்களுக்கு

போட்டோவ ராவுல எடுக்குறதா ஜேபெக்ல எடுக்குறதான்னு தம்பிங்க நிறைய பேர் கேக்குறீங்க, எனக்குத் தெரிஞ்சத சொல்றேன். ரான்னா (RAW) கேமரா சென்சார் பிடிச்சத அப்படியே வச்சிருக்குற ஃபைல், ஜேபெக்னா (JPEG) கேமராவே சரிபண்ணி சுருக்கிக் குடுக்குற படம்.

கார்டுல பிடிக்குற இடம்: 24 மெகாபிக்சல் கேமராவுல ஜேபெக் ஒரு படம் சுமாரா 10 எம்பி, ரா பெரும்பாலும் 25 எம்பிக்கு மேல.

வேகம்: பூநாரை கூட்டம் எந்திரிச்சுப் பறக்குறப்ப விடாம அமுக்குனா ராவுல பஃபர் (கார்டுக்குப் போறதுக்கு முன்னாடி படம் தங்குற கேமரா மெமரி) சீக்கிரம் நிறைஞ்சு கேமரா திணறும். ஜேபெக் ரொம்ப நேரம் தாங்கும்.

வெளிச்சம்: இங்கதான் விஷயமே இருக்கு. ஜேபெக் 8 பிட், ஒரு நிறத்துக்கு 256 வெளிச்சப் படிதான், 14 பிட் ரான்னா 16384. தனுஷ்கோடியோட கடைசி முனையான அரிச்சல்முனையில சூரியன் கெளம்புறப்ப வானம் பளீர்னு இருக்கும், மணல்ல ஏத்தி வச்ச வள்ளம் கருப்பா விழும், ராவுல நிழலை ஏத்துனா பலகையில அடிச்ச பச்சை பெயிண்டு, உள்ள சுருட்டி வச்ச வலை எல்லாம் வெளிய வரும், ஜேபெக்ல அதையே செஞ்சா திட்டுத்திட்டா கலங்கிப் போயிரும். ஆனா ஒண்ணு, சுத்தமா வெளுத்துப்போன வானத்த ராவாலயும் மீட்க முடியாது, அதனால எக்ஸ்போஷர (படத்துல விழுற வெளிச்சத்த) கொஞ்சம் கொறச்சே எடுங்க.

பாம்பன் பாலத்துல குடும்பத்தோட நின்னு எடுத்து உடனே வாட்ஸ்அப்ல அனுப்ப ஜேபெக் தாராளமா போதும். விடியக்கால வெளிச்சத்துக்கும், பெருசா பிரிண்ட் போடுறதுக்கும் ராதான். கார்டுல இடம் இருந்தா ரெண்டையும் சேர்த்தே போட்டுக்கங்க.