தண்டையார்பேட்டை பாய் ஷெட்: பிரேக் பைப் மாற்றியதும் எஃப்சி காட்டியதும்

கார் பிரேக் வேலைக்கு வடசென்னையில் எங்கே போகலாம் என்று யார் கேட்டாலும் என் பதில் ஒன்றுதான். தண்டையார்பேட்டையில், திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் இருக்கிற பாய் ஷெட். பெயர்ப் பலகை கிடையாது, மேப்பில் தேடினாலும் வராது, முனையில் இருக்கும் டீக்கடையில் "பிரேக் பாய்" என்று கேட்டால் கை காட்டுவார்கள். கிளட்ச், ஏசி என்று போனால் வேறு இடம் பார்க்கச் சொல்லிவிடுவார். பிரேக் மட்டும்தான் பார்க்கிறார், அதை ஒழுங்காகப் பார்க்கிறார்.

என் கார் 2009-இல் பதிவானது. சொந்த உபயோகக் கார்களுக்கு ஆர்சி (பதிவுச் சான்று) 15 வருடம், அதற்கப்புறம் வண்டியைக் காட்டி எஃப்சி (தகுதிச் சான்று) வாங்கி ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். படிவம் 25, தேதி முடிவதற்கு 60 நாள் முன்னாலிருந்து விண்ணப்பிக்கலாம். கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5000 ஆகிவிட்டது, பசுமை வரி தனி. எஃப்சி தேதி நெருங்கிய நேரத்தில்தான் ஒன்று கவனித்தேன்: எண்ணூர் விரைவுச் சாலையில் வளைவில் திரும்பும்போது மட்டும் டேஷ்போர்டில் ஹேண்ட்பிரேக் விளக்கு ஒரு நொடி எரிந்து அணையும். ஹேண்ட்பிரேக்கில் ஒரு கோளாறும் இல்லை. பிரேக் ஆயில் குறைந்தாலும் பல கார்களில் இதே விளக்குதான் எரியும், வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கும்போது ஆயில் டப்பாவுக்குள் இருக்கும் மிதவை கீழே இறங்குவதால் வரும் வேலை அது. உங்கள் வண்டியில் இப்படி மின்னினால் தள்ளிப்போடாதீர்கள்.

முதலில் வீட்டுக்குப் பக்கத்தில் வேறொரு ஷெட்டில் காட்டினேன். ஆயில் ஊற்றி நிரப்பிவிட்டு, "வயசான வண்டி சார், கொஞ்சம் குறையத்தான் செய்யும்" என்று அனுப்பிவிட்டார்கள். இது சுத்தமாகத் தப்பு. பிரேக் ஆயில் எரிந்து தீர்ந்துபோகும் சமாச்சாரம் இல்லை. பேட் தேயத் தேய மட்டம் மெதுவாக இறங்கும், அது மாதக்கணக்கில் நடப்பது. நிரப்பிய கொஞ்ச நாளிலேயே மறுபடியும் குறைந்தால் எங்கேயோ ஒழுகுகிறது என்று அர்த்தம்.

பாய் ஆயில் டப்பாவைத் திறக்கக்கூட இல்லை. நேராகப் பின் சக்கரங்களின் உட்பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்தார், ஈரம் இல்லை. அப்புறம் வண்டியைத் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, டார்ச்சோடு கீழே படுத்தார். இன்ஜின் பக்கமிருந்து பின் சக்கரம் வரை தரையடியில் ஓடும் இரும்புப் பைப்பை வரிசையாகத் தடவிக்கொண்டே போய், பெட்ரோல் டேங்க் ஓரத்தில் அதைப் பிடித்திருந்த பிளாஸ்டிக் கிளிப்பை நெம்பி எடுத்தார். என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். கிளிப் இருந்த இடத்தில் மட்டும் பைப் உப்பிப் போய், பழுப்பு நிறத்தில் ஈரமாக இருந்தது. விரல் நகத்தால் கீறினார், அடை அடையாகப் பெயர்ந்து உள்ளங்கையில் விழுந்தது. "சார், மேல பெயின்ட்தான் இருக்கு, உள்ள இரும்பு இல்ல."

காரணம் நம் ஊர்தான். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலை ஒட்டியே ஓட்டுகிறோம், உப்புக் காற்று. மழை வந்தால் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை மாதிரி இடங்களில் தேங்குகிற தண்ணீர். அந்தச் சேறு கிளிப்புக்குள் போய் உட்கார்ந்தால் வெயில் படாமல் காயவே காயாது. வெளியே தெரியும் இடம் பளபளவென்று இருக்கும், கிளிப்புக்குள் மட்டும் தின்றுகொண்டே போகும். சாதாரண சர்வீஸில் எவரும் கிளிப்பைக் கழற்றிப் பார்ப்பதில்லை.

துருப்பிடித்த இடத்தை மட்டும் வெட்டி ஒரு துண்டு வைத்து ஒட்ட முடியுமா என்று கேட்டேன், முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். அவர் சொன்னது நியாயம். டயரில் இருப்பது இரண்டு பார் சொச்சம் அழுத்தம். அவசரத்தில் பிரேக்கை ஓங்கி மிதித்தால் அந்தக் குச்சி மாதிரிப் பைப்புக்குள் நூறு பார் வரைக்கும் ஏறும். ரப்பர் ஹோஸ் சொருகி கிளாம்ப் போட்டுக் கொடுக்கும் ஷெட்களும் இருக்கின்றன, அது மெதுவாக ஓட்டும்வரை தாங்கும், கண்டெய்னர் லாரி திடீரென்று முன்னால் நிற்கும்போது பிய்த்துக்கொண்டு போகும். கார்களில் பிரேக் இரண்டு தனித் தனி சர்க்யூட்டாக இருக்கும், முன்சக்கர டிரைவ் வண்டிகளில் பெரும்பாலும் குறுக்காக, ஒரு முன்சக்கரமும் எதிர்ப்பக்கப் பின்சக்கரமும். ஆகவே ஒரு லைன் போனால் பாதி பிரேக் இருக்கும். ஆனால் மணலி சாலையில் முழு லோடு டிரெய்லருக்குப் பின்னால் பாதி பிரேக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோட்டிலிருந்து புதுப் பைப் சுருள் வரவழைத்து, பழைய பைப்பைப் பக்கத்தில் வைத்து அதே வளைவுகளுக்கு வளைத்தார். என்னை நிற்க வைத்துப் பார்க்க வைத்தது முனை மடிக்கும் வேலை. பைப்பின் வாயை ஒரு தடவை விரித்து, அதையே உள்ளுக்கு மடித்து இரட்டைச் சுவராக்குகிறார், டபுள் ஃபிளேர். முதல் முனை மடித்ததும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், ஓரத்தில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. ஒரு வார்த்தை பேசாமல் அந்த முனையை வெட்டி எறிந்துவிட்டு மறுபடி மடித்தார். அந்த இடத்தில் எனக்கு முழு நம்பிக்கை வந்துவிட்டது.

அப்புறம் ஆயில் முழுவதையும் மாற்றினார். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் உறிஞ்சிய பிறகு அது 140 வரை இறங்கலாம், அந்த ஈரம் பைப்பை உள்ளிருந்தும் அரிக்கும். நாலு சக்கரத்திலும் ஏர் எடுத்து, பையனை உள்ளே உட்கார வைத்து இன்ஜினை ஓடவிட்டுப் பிரேக்கை மிதித்தபடியே பிடிக்கச் சொல்லி, ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் வெள்ளைக் காகிதத்தைச் சுற்றிப் பார்த்தார். எதிலும் கறை இல்லை. பின் லைன் இரண்டுக்கும் சேர்த்து நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய். கழற்றிய பழைய பைப்பையும் கையில் கொடுத்தார்.

எஃப்சி அன்று பிரேக் இன்ஸ்பெக்டர் விளக்கு, ஹாரன், சேசிஸ் நம்பர் எல்லாம் பார்த்துவிட்டு, ஓட்டச் சொல்லி நச்சென்று பிரேக் போடச் சொன்னார். வண்டி ஒரு பக்கம் இழுக்காமல் நின்றது, பாஸ்.

இந்தச் சோதனைகள் இன்னும் கடுமையாக வேண்டும் என்பதுதான் என் ஆசை. மஞ்சள் போர்டு வண்டிகளுக்கு எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, அதன்பின் வருடா வருடம் எஃப்சி உண்டு. வெள்ளை போர்டு காரை 15 வருடம் யாரும் கட்டாயமாகச் சோதிப்பதில்லை. பிரிட்டனில் மூன்று வயது ஆனதுமே வருடா வருடம் எம்ஓடி சோதனை, துருவால் பிரேக் பைப்பின் சுவர் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தாலே ஃபெயில். அங்கே பனிக்காலத்தில் சாலையில் உப்புப் போடுகிறார்கள், இங்கே வருடம் முழுக்கக் கடல் உப்பு. இங்கேயும் தரையடியைப் பார்த்தாக வேண்டும் என்று விதி வந்தால் நான் முதல் ஆளாக வரிசையில் நிற்பேன்.

பாய் ஷெட்டில் குறைகளும் உண்டு. உட்கார இடமில்லை, கார்டு வாங்க மாட்டார், பில் துண்டுச்சீட்டில்தான் வரும். போன் எடுக்கவே மாட்டார். ஒரே சமயத்தில் ஒரு வண்டிக்குத்தான் இடம், காலையில் சீக்கிரம் போகாவிட்டால் திரும்பி வர வேண்டியதுதான். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்கு மூடிவிடுவார். எஃப்சிக்குப் போகிறவர்கள் அந்த 60 நாள் கணக்கு தொடங்கும்போதே வண்டியைக் காட்டிவிடுங்கள், கிளிப்பைக் கழற்றிப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.