ஜூலைதான் சீசன் என்று நம்பி அரிசோனா பள்ளத்தாக்குகளுக்குப் பணம் கட்டாதீர்கள்

நேற்று, அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் ஊரின் தமிழ் வாட்ஸ்அப் குழுவில் அந்த விளம்பரம் மறுபடியும் வந்தது. "அம்மா அப்பாவோடு கிராண்ட் கேன்யன், சயான், ஆண்டிலோப் கேன்யன். மூன்று நாள் பேக்கேஜ். ஜூலைதான் பெஸ்ட் சீசன்." போன வருடம் இதே வரியை நம்பித்தான் ஐந்து பேருக்கு 2,150 டாலர் கட்டினேன். தென்காசியிலிருந்து வந்திருந்த அம்மா 40 டிகிரி வெயிலில் தலைசுற்றி உட்கார்ந்ததைப் பார்த்தேன். இந்தக் கோடையில் பெற்றோரை வரவழைத்திருக்கும் பலர் அந்தக் குழுவில் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் நடந்ததை முழுதாக எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. இதே முறையில் வேறொருவரும் விற்கலாம், அதனால் விற்கும் விதம் தெரிந்துகொண்டால் போதும்.

பெற்றோர் மே மாதம் வந்து நவம்பர் தொடக்கத்தில் திரும்புவதாக இருந்தது. அக்டோபரில் போகலாமா என்று நான் கேட்டேன். "அக்டோபரில் போனால் ஆண்டிலோப்பில் ஒன்றும் தெரியாது சிஸ்டர். ஜூலையில்தான் மேலிருந்து வெளிச்சம் தூண் மாதிரி இறங்கும்" என்றார் போனில் பேசிய ஏஜென்ட். ஆண்டிலோப் என்பது மணற்பாறையில் தண்ணீர் அரித்து உண்டான குறுகலான பிளவு, மேலே மட்டும் திறந்திருக்கும். அவர் சொன்னதில் பாதி உண்மை. சூரியன் உச்சியில் நிற்கும் மாதங்களில்தான், அதாவது மார்ச் கடைசியிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை, நடுப்பகலில் அந்த ஒளித்தூண்கள் விழும். அவர் சொல்லாமல் விட்ட பாதி இதுதான்: அரிசோனாவில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை பருவமழைக் காலம். அமெரிக்க வானிலைத் துறையே தேதி குறித்து வைத்திருக்கிறது. ஜூலையும் ஆகஸ்டும் அதன் உச்சம். காலையில் வானம் பளிச்சென்று இருக்கும், பிற்பகலில் இடி மின்னலோடு கொட்டும்.

இன்னொன்றும் உண்டு. ஆண்டிலோப்பில் மேல், கீழ் என்று இரண்டு தனித்தனிப் பள்ளத்தாக்குகள். ஒளித்தூணுக்குப் பேர் போனது மேல் ஆண்டிலோப். எங்களுக்கு அவர்கள் எடுத்திருந்தது கீழ் ஆண்டிலோப். அதற்குள் இறங்கச் செங்குத்தான இரும்புப் படிகள். அம்மாவுக்கு மூட்டுவலி என்று முதல் போனிலேயே சொல்லியிருந்தேன்.

முதல் நாள் லாஸ் வேகஸிலிருந்து கிராண்ட் கேன்யன். விளம்பரப் படத்தில் ஒரு குடும்பம் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு விளிம்பில் நின்றது. பின்னணியில் பைன் மரங்கள். அது கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பு, தேசியப் பூங்காவுக்குள் இருப்பது. சுமார் 7,000 அடி உயரம், கிட்டத்தட்ட நம் கொடைக்கானல் உயரம். ஜூலையிலும் அங்கே பகல் வெயில் 30 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஆனால் வேன் போனது மேற்கு விளிம்புக்கு. வேகஸிலிருந்து தெற்கு விளிம்புக்கு நாலரை மணி நேரம், மேற்குக்கு இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். டீசலும் மிச்சம், ஓட்டுநர் நேரமும் மிச்சம். மேற்கு விளிம்பு தேசியப் பூங்காவே அல்ல, ஹுவாலபாய் பழங்குடி மக்களின் நிலம். 2007ல் திறந்த கண்ணாடிப் பாலம் அங்கேதான் இருக்கிறது, அதற்குத் தனி டிக்கெட். அந்த இடத்தின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. பார்க்க விரும்பி வருபவர்கள் தாராளமாக வரலாம். ஆனால் ஒன்றின் படத்தைக் காட்டி இன்னொன்றுக்குக் கூட்டிப்போவது ஏமாற்று.

உயரம் குறைவு, நிழலும் குறைவு. வேனில் 40 டிகிரி காட்டியது. "நம்ம ஊர் வெயில் பாக்காததா" என்று அம்மா இறங்கினார். இந்த வெயில் வேறு. காற்றில் ஈரமே இல்லாததால் வியர்வை உடனே காய்ந்துவிடும். உடம்பிலிருந்து தண்ணீர் போவதே தெரியாது. வழியில் கழிப்பறை எப்போது வருமோ என்று பயந்து அம்மா காலையிலிருந்து தண்ணீரும் குடிக்கவில்லை. நம் அம்மாக்கள் எல்லோரும் பயணத்தில் செய்வதுதான், நான்தான் கவனித்திருக்க வேண்டும். அரை மணி நேரத்தில் தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்துவிட்டார். முகம் வெளிறிப்போனது. பக்கத்தில் இருந்த ஒரு குடும்பம் ஐஸ் பெட்டியிலிருந்து ஈரத் துணியும் உப்புப் பிஸ்கட்டும் கொடுத்தது. வேன் ஓட்டுநர் ஏசி போட வண்டியைத் திறக்கவே இருபது நிமிடம் ஆனது.

இரண்டாம் நாள் பக்கத்து மாநிலமான யூட்டாவில் இருக்கும் சயான் தேசியப் பூங்கா. அங்கே ஆற்றுக்குள்ளேயே நடக்கும் 'நாரோஸ்' பாதை பேக்கேஜில் இருந்தது. பூங்காவில் அன்றன்றைக்குத் திடீர் வெள்ள வாய்ப்பை நாலு படிகளில் எழுதிப் போடுகிறார்கள். அன்று அபாயம் அதிகம் என்று இருந்தது. நாங்கள் இறங்கவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாம் நாள்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அன்று ஆண்டிலோப். முந்தின இரவு யூட்டாவில் கனாப் என்ற ஊரில் தங்க வைத்தார்கள், வாடகை குறைவு. கோடையில் யூட்டா நேரம் அரிசோனாவை விட ஒரு மணி முன்னால் ஓடும், அரிசோனாவில் கடிகாரத்தை மாற்றுவதில்லை. ஆனால் அரிசோனாவுக்குள் இருக்கும் நவஹோ பழங்குடி மக்களின் நிலத்தில் மாற்றுகிறார்கள், அதனால் செல்போன் அங்குமிங்கும் தாவும். இதையெல்லாம் தினமும் ஓட்டுபவருக்குத் தெரியாதா? ஒரு மணி நேரம் முன்னதாகவே ஆண்டிலோப்பில் கொண்டுபோய் இறக்கிவிட்டுப் போய்விட்டார். வெயிலில் நின்றோம். அப்புறம் எங்கள் முறை வரும் நேரத்தில் வெள்ள எச்சரிக்கை வந்து எல்லாப் பயணங்களையும் நிறுத்தினார்கள்.

தலைக்கு மேல் நீல வானம். வரிசையில் சிலர் சண்டைக்கே போனார்கள். ஆண்டிலோப் பள்ளத்தாக்கு நவஹோ மக்களின் நிலம், அவர்களின் வழிகாட்டி இல்லாமல் யாரும் உள்ளே போக முடியாது. வழிகாட்டியாக இருந்த பெண் பொறுமையாகச் சொன்னார்: 1997 ஆகஸ்ட் 12 அன்றும் இங்கே பெரிதாக மழை இல்லை. பல மைல் தூரத்தில் பெய்த மழை மணல் ஓடைகளில் திரண்டு வந்து கீழ் ஆண்டிலோப்புக்குள் பாய்ந்தது. உள்ளே இருந்த 11 சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள்.

அப்பாவுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. "மேக்க மழை விழுந்திருக்கும்மா, நாம போவோம்" என்று ஊர்ப் பழக்கத்தில் சொன்னார். குற்றாலத்தில் வளர்ந்த எங்களுக்கு இது தெரிந்த விஷயம். கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும், மேலே மலையில் கொட்டும், அருவி நிறம் மாறும். 2024 மே மாதம் பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் ஒரு பதினேழு வயதுப் பையனை இழுத்துக்கொண்டு போனது. நிறுத்திய அந்த நவஹோ மக்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். என் கோபமெல்லாம் இந்த மாதத்தில் இப்படித்தான் நடக்கும் என்று தெரிந்தே வயதானவர்களுக்கு விற்றவர்கள் மேல்தான்.

கவுன்டரில் கேட்டபோது, வானிலையால் நிறுத்தினால் முழுப் பணமும் பதிவு செய்தவர் கணக்குக்கே திரும்பிவிடும் என்றார்கள். பதிவு செய்தவர் எங்கள் ஏஜென்ட். அவருக்குப் போன் செய்தேன். "மழை வரும்னு எங்களுக்கு எப்படித் தெரியும் சிஸ்டர்? வெதருக்கு நாங்க பொறுப்பில்லைன்னு பேப்பர்ல இருக்கு" என்றார். அவர் கைக்குத் திரும்பிய பணத்தைப் பற்றிக் கேட்டதும் இணைப்பு துண்டிக்கப்பட்டது. அதன் பிறகு எடுக்கவே இல்லை. கிரெடிட் கார்டு நிறுவனத்தில் புகார் கொடுத்தேன். ஆறு வாரம் கழித்து ஆண்டிலோப் டிக்கெட் பணம் மட்டும் வந்தது. விளிம்பை மாற்றியதற்காகக் கேட்ட பணம் கிடைக்கவில்லை. ரசீதில் வெறுமனே 'கிராண்ட் கேன்யன்' என்று இருந்தது, மேற்கு விளிம்பும் கிராண்ட் கேன்யன்தான் என்று பதில் வந்தது.

அக்டோபர் இரண்டாம் வாரம் நாங்களே காரில் போனோம். தெற்கு விளிம்பில் காலையில் ஸ்வெட்டர் வேண்டியிருந்தது, பகலில் இதமான வெயில். அம்மா பூங்காவின் இலவசப் பேருந்தில் ஏறி இறங்கி ஒவ்வொரு முனையாகப் பார்த்தார். மேல் ஆண்டிலோப்பில் ஒளித்தூண் இல்லை, உண்மைதான். ஆனால் பாறைச் சுவர் செங்கல் நிறத்திலிருந்து ஊதாவுக்கு மாறிக்கொண்டே போனது. ஒளித்தூணுக்காக ஜூலையில் அவ்வளவு பாடுபட்டிருக்க வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது. ஏப்ரல் கடைசியும் மே மாதமும்கூட நல்ல காலம், காற்று மட்டும் மணலை வாரி இறைக்கும். குளிர்காலத்தில் தெற்கு விளிம்பில் பனி படியும், நடக்க வழுக்கும், பெரியவர்களுக்கு ஒத்துவராது. வேறு வழியில்லாமல் ஜூலையில்தான் போக முடியும் என்றால் தெற்கு விளிம்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். அங்கேயும் உள்ளே இறங்காதீர்கள். இறங்க இறங்கச் சூடு ஏறி அடியில் 40 டிகிரியைத் தாண்டும். கோடையில் காலை 10 முதல் மாலை 4 வரை பள்ளத்துக்குள் நடக்க வேண்டாம் என்று பூங்காவே சொல்கிறது.

ஏற்கெனவே இந்த ஜூலைக்குப் பணம் கட்டியவர்கள் இன்றைக்கே அவர்களிடம் எழுத்தில் கேளுங்கள்: எந்த விளிம்பு, மேல் ஆண்டிலோப்பா கீழா, வானிலையால் நின்றால் திரும்பும் பணம் யாருக்கு. வாட்ஸ்அப் குரல் பதிவில் சொன்னால் ஏற்காதீர்கள். போன வருடம் என்னிடம் கொடுத்த தாளில் 30 நாளுக்கு முன் ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்பும் என்று கடைசிப் பக்கத்தில் இருந்தது. நான் அதைத் திரும்பி வந்த பிறகுதான் படித்தேன். உங்கள் தாளில் அந்த வரி இருக்கிறதா என்று இன்றிரவே பாருங்கள்.