ஈ.எஸ்.ஆரா, சி.ஆர்.பியா? முடக்குவாதமும் இதயமும்

முடக்குவாதம் (மூட்டுகளை வீங்க வைக்கும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) உள்ளவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாத ஆபத்து மற்றவர்களைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அதனால்தான், இந்த நோயைச் சேர்க்காமல் போட்ட இதய ஆபத்துக் கணக்கை 1.5-ஆல் பெருக்கச் சொல்கிறது ஐரோப்பிய வாதநோய் அமைப்பான யூலார். மூட்டுக்காக எடுக்கும் ரத்தப் பரிசோதனைகளில் எது இதயத்தைப் பற்றியும் நம்பகமாகப் பேசும்?

உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் ஈ.எஸ்.ஆர் பரிசோதனை மலிவு, எங்கும் கிடைக்கும். குழாயில் நிறுத்திய ரத்தத்தில் சிவப்பணுக்கள் ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் இறங்குகின்றன என்பதே அளவு. ஆனால் வயது கூடினாலும், ரத்தசோகை இருந்தாலும் அது ஏறிவிடும். முடக்குவாதம் பெண்களுக்கே அதிகம். இந்தியப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை. 60 என்று வந்தால் அதில் மூட்டின் பங்கு எவ்வளவு என்று எப்படிப் பிரிப்பது?

சி.ஆர்.பி, அழற்சி ஏறும்போது கல்லீரல் அதிகமாகச் சுரக்கும் புரதம். ரத்தசோகை அதைக் குழப்பாது. அதன் அரை ஆயுள் சுமார் 19 மணி நேரம்தான்; அழற்சி தணிந்தால் சில நாட்களில் இறங்கிவிடும். ஈ.எஸ்.ஆர் இறங்க வாரங்கள் ஆகலாம். என் ஓட்டு சி.ஆர்.பிக்கே. ரிப்போர்ட்டில் அலகை மட்டும் கவனியுங்கள்: சில லேப்கள் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்றும் சில டெசிலிட்டருக்கு எத்தனை என்றும் போடுகின்றன, பத்து மடங்கு வித்தியாசம். முடக்குவாதத்துக்கு டோசிலிசுமாப் ஊசி போடுபவர்களுக்கு சி.ஆர்.பி தானாகவே அடங்கிவிடும், அப்போது அந்த எண்ணை நம்பி இருக்கக் கூடாது.

ஹெச்.எஸ்.சி.ஆர்.பி அதே புரதத்தை நுணுக்கமாக அளப்பது. லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் இதய ஆபத்து அதிகம் என்ற அட்டவணை பொதுமக்களுக்கானது. மூட்டு வீங்கியிருக்கும்போது 3-ஐத் தாண்டுவது சாதாரணம். அதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டாம்.

எனக்குப் பயம் தரும் இடம் வேறு. சி.ஆர்.பி 40, எல்.டி.எல் (கெட்ட கொழுப்பு) 80 என்று ஒரு ரிப்போர்ட் வந்தால் "கொழுப்பு நார்மல்" என்று வீடே நிம்மதியாகிவிடும். அழற்சி கொதிக்கும்போது கெட்ட கொழுப்பு குறைத்தே காட்டும். ரத்தக்குழாயோ அதே அழற்சியில் கெட்டுக்கொண்டிருக்கும். அழற்சியைத் தணிக்கும் கனகினுமாப் மருந்தைப் பற்றி 2017-இல் வெளியான ஆய்வு முடக்குவாதக்காரர்களிடம் நடந்ததல்ல, ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களிடம் நடந்தது. எல்.டி.எல் குறையாமலே, அழற்சியைத் தணித்ததில் மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் சேர்ந்த எண்ணிக்கை சுமார் 15 சதவீதம் குறைந்தது.

ஆகவே சி.ஆர்.பி இறங்கி மூட்டு அமைதியான பிறகு கொழுப்புப் பரிசோதனையை மறுபடி எடுக்கச் சொல்லி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேடின் மாத்திரை வேண்டுமா என்ற முடிவை அந்த எண்ணை வைத்துப் பேசுங்கள்.