காலி நாற்காலியும் பெயர்ப்பலகையும்: சீனாவின் முன் நார்வேயும் லிதுவேனியாவும்

2010 டிசம்பர் 10 அன்று நார்வேயின் தலைநகர் ஓஸ்லோவின் நகரமன்ற மண்டபத்தில், அமைதிக்கான நோபல் பரிசின் பட்டயமும் பதக்கமும் ஆளில்லாத ஒரு நாற்காலியின்மேல் வைக்கப்பட்டன. பரிசுக்குரிய லியூ சியாபோ, அரசியல் சீர்திருத்தம் கோரிய ‘சாசனம் 08’ அறிக்கையை உருவாக்கியவர்களில் ஒருவர். அதற்காகவும் தம் கட்டுரைகளுக்காகவும் சீனாவில் 11 ஆண்டு சிறைத்தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி லியூ சியா வீட்டுக்காவலில் வைக்கப்பட்டிருந்ததால், அவர் சார்பில் பரிசை வாங்கிக்கொள்ளவும் யாரும் வர முடியவில்லை. பதினொரு ஆண்டுகள் கழித்து, 2021 நவம்பர் 18 அன்று, லிதுவேனியாவின் தலைநகர் வில்னியஸில் தைவானின் பிரதிநிதி அலுவலகம் திறக்கப்பட்டது. பிற ஐரோப்பியத் தலைநகரங்களில் ‘தைப்பே’ என்று நகரத்தின் பெயரைத் தாங்கி நிற்கும் அலுவலகம் இங்கே ‘தைவான்’ என்ற சொல்லோடு திறந்தது, வேறுபாடு அவ்வளவுதான். ஆனால் தைவானைத் தன் பகுதி என்று சொல்லும் சீனாவுக்கு அது தனி நாட்டின் பெயராகவே பட்டது. (சென்னையில் 2012 முதல் இயங்கிவரும் அலுவலகமும் ‘தைப்பே’ என்ற பெயரில்தான் இருக்கிறது.) நாற்காலி நார்வேக்குச் சீன உறவில் ஆறு ஆண்டு உறைநிலையைத் தந்தது, பெயர்ப்பலகை லிதுவேனியாவைச் சீனச் சுங்கத்துறையின் கணினியிலிருந்தே காணாமற்போகச் செய்தது.

ஒன்றுக்கு மக்கள்தொகை அரைக் கோடியைச் சுற்றி, மற்றொன்றுக்குச் சுமார் 28 லட்சம். இரண்டும் மனித உரிமையைத் தம் வெளியுறவுக் கொள்கையின் அடையாளமாகச் சொல்லிக்கொள்பவை. எதிர்கொண்டதும் ஒரே பெரும் வல்லரசைத்தான். ஆனால் ஒன்று பணிந்து வெளியே வந்தது, மற்றொன்று நின்று பார்த்தது. எந்த வழி நல்லது என்று கேட்கும்போது பொதுவாக விற்பனைக் கணக்கை மட்டுமே எடுத்து வைக்கிறார்கள். அந்தக் கணக்கு அவசியம்தான். ஆனால் அது சொல்லாமல் விடுவதே அதிகம் என்பது என் எண்ணம்.

முதலில், செய்தது யார் என்ற கேள்வி. நோபல் குழு நார்வே அரசின் உறுப்பு அன்று. ஐந்து உறுப்பினர்களையும் நாடாளுமன்றம் நியமிக்கிறது, முடிவில் அரசுக்குப் பங்கில்லை. இதைத்தான் ஓஸ்லோ திரும்பத் திரும்பச் சொன்னது. ஆனால் அந்த ஆண்டுக் குழுவின் தலைவர் தோர்பியோர்ன் யாக்லாண்ட் முன்னாள் பிரதமர், நாடாளுமன்றத் தலைவராகவும் இருந்தவர். நாட்டின் பிரதமராக இருந்தவர் தலைமை தாங்கும் குழுவுக்கும் அரசுக்கும் தொடர்பில்லை என்றால் பெய்ஜிங் எப்படி நம்பும்? ஆக, நார்வே தான் எடுக்காத முடிவுக்குத் தண்டனை பெற்றது. அந்த முடிவைத் தன்னுடையதென்று ஏற்கவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை.

லிதுவேனியாவின் நிலை அதற்கு நேர்மாறு. 2020 இறுதியில் பதவியேற்ற இங்ரிதா ஷிமொனீடேயின் கூட்டணி அரசு, பெலருஸ் முதல் தைவான் வரை விடுதலைக்காகப் போராடுவோருக்குத் துணை நிற்போம் என்று உடன்படிக்கையிலேயே எழுதி வைத்திருந்தது. 2021 மே மாதத்தில், மத்திய, கிழக்கு ஐரோப்பிய நாடுகளோடு சீனா நடத்திவந்த ‘17+1’ அமைப்பிலிருந்து விலகியது. அதே மாதம் சீனாவின் ஷின்ஜியாங் பகுதியில் உய்குர் மக்கள் நடத்தப்படும் விதத்தை இனப்படுகொலை என்று நாடாளுமன்றம் தீர்மானம் போட்டது. அலுவலகத் திறப்பு அந்த வரிசையில் வந்த அடுத்த அடி. வெளியுறவு அமைச்சர் கேப்ரியேலியஸ் லாண்ட்ஸ்பெர்கிஸ், சோவியத் ஒன்றியத்திடமிருந்து விடுதலையை அறிவித்த வித்தௌதஸ் லாண்ட்ஸ்பெர்கிஸின் பேரன். 1990இல் அந்த அறிவிப்புக்கு மாஸ்கோ தந்த பதில் பொருளாதார முற்றுகை. 1991 ஜனவரியில் வில்னியஸ் தொலைக்காட்சிக் கோபுரத்தை டாங்கிகள் சூழ்ந்தன, 14 பேர் இறந்தனர். எரிபொருள் இல்லாமல் கழிந்த மாதங்களை நினைவில் வைத்திருக்கும் நாட்டுக்கு வணிகத் தடை என்ற மிரட்டல் புதிதன்று.

நார்வேயின் தன்னடையாளம் வேறு வகையானது. சண்டையிடும் இரு தரப்புக்கு நடுவே அமர்ந்து பேசும் நாடாகத்தான் அது தன்னைப் பார்க்கிறது. 2002 பிப்ரவரியில் இலங்கை அரசும் விடுதலைப் புலிகளும் செய்துகொண்ட போர்நிறுத்த ஒப்பந்தத்துக்கு நடுநிலை வகித்ததால் அந்த முகம் தமிழ் வாசகர்களுக்கும் பழக்கமானது. எல்லாரோடும் பேச வேண்டிய நாடு யாரையும் அதிகம் பகைத்துக்கொள்ள முடியாது. மனித உரிமைக்குப் பரிசு வழங்கும் நாடாகவும், நடுவராகப் போய் அமரும் நாடாகவும் ஒரே நேரத்தில் இருப்பதன் இழுபறி 2010இல் வெளிப்பட்டுவிட்டது.

விலையைப் பார்ப்போம். 2008இல் தொடங்கியிருந்த தாராள வணிக ஒப்பந்தப் பேச்சு நின்றுபோனது. அமைச்சர் நிலைச் சந்திப்புகள் அறவே ஒழிந்தன. வெளியே தெரிந்த அடி சால்மன் மீனுக்கு. தடை என்று யாரும் அறிவிக்கவில்லை. கால்நடை மருத்துவச் சோதனையும் உணவுப் பாதுகாப்புச் சோதனையும் திடீரென்று கடுமையாயின. வெள்ளைத் தெர்மக்கோல் பெட்டியில் ஐஸ் போட்டு விமானத்தில் வரும் பச்சை மீனைச் சோதனைக்காக விமான நிலையத்தில் நாட்கணக்கில் நிறுத்தி வைத்தால் பிறகு தடை எதற்கு? சீனாவின் பச்சைச் சால்மன் சந்தையில் 90 விழுக்காட்டுக்கு மேல் இருந்த நார்வேயின் பங்கு மூன்றே ஆண்டுகளில் 30 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. அந்த இடத்தைப் பரோத் தீவுகளும் ஸ்காட்லாந்தும் சிலியும் பிடித்துக்கொண்டன. நார்வே மீனில் ஒரு பகுதி வியட்நாம் வழியாகச் சுற்றிக்கொண்டு போனது. ஆனால் இரு நாட்டு மொத்த வணிகம் அந்த ஆண்டுகளில் குறையவில்லை, வளர்ந்தது. எண்ணெய், எரிவாயுச் செல்வத்தைச் சேர்த்துவைத்த மாபெரும் தேசிய நிதியமும் இருந்தது. உலகில் இந்த அடியைத் தாங்கக்கூடிய சிறிய நாடு ஒன்று உண்டென்றால் அது நார்வேதான்.

லிதுவேனியாவின் சீன ஏற்றுமதி அதன் மொத்த ஏற்றுமதியில் ஏறத்தாழ ஒரு விழுக்காடு. இழப்பதற்கு அதிகமில்லை என்று கணித்துத்தான் வில்னியஸ் இறங்கியது. 2021 டிசம்பரில் அந்தக் கணிப்பு பொய்த்தது. சீனச் சுங்கத்துறையின் கணினியில், சரக்கு எந்த நாட்டிலிருந்து வருகிறது என்று தேர்ந்தெடுக்கும் பட்டியலில் லிதுவேனியாவின் பெயரே இல்லை என்று வணிகர்கள் கண்டார்கள். பெயர் இல்லையென்றால் படிவத்தை நிரப்ப முடியாது. படிவம் இல்லையென்றால் கொள்கலன் துறைமுகத்தைவிட்டு நகராது. அதைவிடப் பெரிய அடி சுற்றி வந்தது: லிதுவேனியாவில் செய்த உதிரிப்பாகத்தைப் பயன்படுத்தும் ஜெர்மன் நிறுவனங்கள் போன்றவற்றின் சரக்கும் சிக்கலில் மாட்டியதால், முதலீட்டாளர்களே லிதுவேனிய அரசை நெருக்கத் தொடங்கினார்கள். ஒரு விழுக்காடு என்ற கணக்கில் இந்த இரண்டாம் வளையம் சேர்க்கப்பட்டிருக்கவில்லை. சிறிய நாடுகள் இதிலிருந்து கற்க வேண்டியது, தன் நேரடி ஏற்றுமதியை மட்டும் வைத்துத் தன் பலவீனத்தை அளக்கக் கூடாது என்பதையே.

உதவி வந்தது, ஆனால் வேடிக்கையான வடிவங்களிலும் வந்தது. சீனாவுக்குப் போக இருந்த 20,400 பாட்டில் லிதுவேனிய ரம்மைத் தைவானின் அரசு மதுபான நிறுவனம் வாங்கிக்கொண்டது. ரம்மை எப்படிக் குடிக்கலாம், சமையலில் எப்படிச் சேர்க்கலாம் என்று அரசே மக்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. 20 கோடி டாலர் முதலீட்டு நிதியும் 100 கோடி டாலர் கடன் திட்டமும் அறிவிக்கப்பட்டன. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரியில் உலக வணிக அமைப்பிடம் வழக்கு தொடுத்தது. 2024 ஜனவரியில் அதை நிறுத்தி வைத்தது. ஓராண்டுக்குள் மறுபடி எடுக்காததால் வழக்கு காலாவதியானது. தீர்ப்பு என்று ஒன்று வரவில்லை. ஆனால் பொருளாதார நெருக்குதலுக்கு எதிர் நடவடிக்கை எடுக்க ஒன்றியத்துக்கே அதிகாரம் தரும் சட்டம் 2023 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. இச்சட்டத்துக்கான வாதத்தில் லிதுவேனியாவின் அனுபவமே முதன்மைச் சான்றாக நின்றது. ஒன்றியத்தின் உறுப்பினரல்லாத நார்வேக்கு 2010இல் இத்தகைய கூரை கிடையாது. இந்த ஒப்பீட்டில் மிகப் பெரிய வேறுபாடு இதுதான் என்று நினைக்கிறேன். துணிச்சலைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கூரையைப் பார்ப்பதில்லை.

நார்வே எப்படி வெளியே வந்தது என்பதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். 2013இல் ஆர்க்டிக் மன்றத்தில் சீனாவுக்குப் பார்வையாளர் இடம் கிடைக்க அது ஆதரவளித்தது, உறவு இளகவில்லை. 2014 மே மாதம், தாம் நோபல் பரிசு பெற்ற 25ஆம் ஆண்டை ஒட்டித் தலாய் லாமா ஓஸ்லோ வந்தபோது, பிரதமர் எர்னா சோல்பெர்க்கும் அவரைச் சந்திக்கவில்லை, நாடாளுமன்றத் தலைவரும் சந்திக்கவில்லை. 2016 டிசம்பர் 19 அன்று பெய்ஜிங்கில் வெளியுறவு அமைச்சர் பொர்கே பிரெண்டேயும் சீன வெளியுறவு அமைச்சர் வாங் யீயும் கூட்டறிக்கை வெளியிட்டார்கள். சீனாவின் முதன்மை நலன்களுக்கு நார்வே பெரு மதிப்பு அளிக்கிறது, அவற்றுக்குக் குந்தகம் செய்யும் செயல்களை ஆதரிக்காது, உறவுக்கு இனிமேல் சேதம் நேராமல் பார்த்துக்கொள்ள இயன்றதெல்லாம் செய்யும் என்பது அதன் சாரம். அடுத்த ஏப்ரலில் சோல்பெர்க் பெய்ஜிங் போனார். வணிகப் பேச்சு மறுபடி தொடங்கியது.

இரண்டே மாதத்தில் அந்த வாக்கியங்களுக்கு விலை கேட்கப்பட்டது. லியூ சியாபோவுக்குக் கல்லீரல் புற்றுநோய் முற்றிவிட்டது என்று 2017 ஜூனில் வெளியே தெரிந்தது. ஜெர்மனியும் அமெரிக்காவும் அவரைச் சிகிச்சைக்கு வெளியே அனுப்பும்படி வற்புறுத்தின. பரிசு கொடுத்த நாட்டின் அரசு வாயைத் திறக்கத் தயங்கியது. ஜூலை 13 அன்று அவர் இறந்த பிறகே சோல்பெர்க்கின் இரங்கல் வந்தது. அப்போதைய நோபல் குழுத் தலைவர் பெரித் ரெய்ஸ் ஆண்டர்சன் இறுதிச்சடங்குக்குப் போக விசா கேட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை. சால்மன் பங்கு குறைந்ததை விழுக்காட்டில் எழுதலாம். இந்த மௌனத்துக்கு எந்தப் புள்ளிவிவரத்திலும் இடமில்லை, ஆனால் நார்வே கொடுத்ததிலேயே கனமான விலை அதுதான். லியூ சியா ஒருவழியாக 2018 ஜூலையில் சீனாவைவிட்டுப் புறப்பட்டது பெர்லினுக்கு. பின்னணியில் இருந்தது ஏங்கலா மெர்க்கெல் அரசின் ஓசையில்லாத பேச்சு. பெரிய சந்தையைக் கையில் வைத்திருக்கும் நாடு ஓசையில்லாமல் பேசினால் அது இராஜதந்திரம். சிறிய நாடு ஓசையில்லாமல் இருந்தால் அது ஒப்புதலாகவே எடுத்துக்கொள்ளப்படுகிறது.

இதனால் லிதுவேனியாவுக்கு முழு மதிப்பெண் போட்டுவிட முடியாது. அலுவலகத்தின் பெயர் தம்மோடு ஒருங்கிணைக்கப்படவில்லை, அது தவறு என்று 2022 ஜனவரியில் அதிபர் கிதானஸ் நௌசேதாவே வெளிப்படையாகச் சொன்னார். வெளியுறவில் அதிபருக்குப் பங்கிருக்கும் அரசமைப்பில், நாட்டின் இரு தலைமைகளும் ஒத்துப்போகாத ஒரு கொள்கையை எதிரி உடைக்க வேண்டியதில்லை, காத்திருந்தாலே போதும். 2024 தேர்தலில் வென்ற சமூக சனநாயகக் கட்சி சீனாவோடு தூதர் நிலை உறவைப் புதுப்பிக்க விரும்புவதாகச் சொன்னது இதன் தொடர்ச்சியே.

வீட்டுக்குள் நடந்ததும் கணக்கில் வரும். 2021 டிசம்பரில், அமெரிக்கத் தடைக்கு உள்ளான பெலருஸ் பொட்டாஷ் உரம், சீனாவோடு தகராறு நடந்துகொண்டிருந்த அதே வாரங்களில், லிதுவேனிய ரயிலிலேயே கிளைப்பேடா துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தது தெரியவந்து, லாண்ட்ஸ்பெர்கிஸும் போக்குவரத்து அமைச்சரும் பதவி விலக முன்வர வேண்டியதாயிற்று. பெலருஸ் அரசு எல்லைக்குத் தள்ளிவிட்ட அகதிகளை லிதுவேனியா நடத்திய விதம் அதைவிடக் கடுமையான கேள்வி. நெருக்கடிநிலையைக் காட்டி அவர்கள் அடைக்கலம் கேட்பதைத் தடுத்ததும், அனுமதியின்றி எல்லை தாண்டினார்கள் என்ற காரணத்துக்காக மட்டுமே அடைத்து வைத்ததும் ஒன்றியச் சட்டத்துக்கு முரண் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2022 ஜூனில் தீர்ப்பளித்தது. அடைத்து வைத்தது அரசமைப்புக்கே முரண் என்று நாட்டின் அரசமைப்பு நீதிமன்றம் 2023இல் சொன்னது. உய்குர் மக்களுக்காகத் தீர்மானம் போட்ட அதே நாடாளுமன்றம்தான், எல்லையில் திருப்பி அனுப்புவதைச் சட்டமாக்கி 2023 ஏப்ரலில் வாக்களித்தது.

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், குறைகளோடு சேர்த்து நான் லிதுவேனியாவின் வழியையே எடுப்பேன். ஆனால் பெயர்ப்பலகையை அல்ல, கூரையை முதலில் கட்டியிருக்க வேண்டும் என்ற திருத்தத்தோடு: அதிபரின் ஒப்புதல், ஒன்றியத்தின் தலைமையிடமான பிரஸ்ஸல்ஸோடு முன்கூட்டிப் பேச்சு, நாட்டில் முதலிட்ட நிறுவனங்களுக்கு முன்னறிவிப்பு. நார்வேயின் வழியில் திரும்பி வர முடிந்தது, ஆனால் திரும்புவதற்கு அது கையெழுத்திட்ட வாக்கியங்கள் அடுத்த முறை பேச வேண்டிய நேரத்தில் தொண்டையை அடைத்தன.

அந்த அடைப்பு நிரந்தரமாகவும் இருக்கவில்லை. 2019 ஜூலையில், ஷின்ஜியாங்கில் மக்களைக் கூட்டங்கூட்டமாக அடைத்து வைப்பதை நிறுத்தக் கோரி, ஐ.நா. மனித உரிமை மன்றத்துக்கு 22 நாடுகள் கூட்டாகக் கடிதம் எழுதின. பெய்ஜிங் கண்டித்தது, ஆனால் கையெழுத்திட்டதற்காக நார்வேயின் மீன் பெட்டிகள் எந்த விமான நிலையத்திலும் மறுபடி நிறுத்தி வைக்கப்படவில்லை. அந்தப் பட்டியலை ஆங்கில அகரவரிசையில் படித்தால் நடுவில் லிதுவேனியா, சற்றுத் தள்ளி நார்வே.