எம்பர் டேட்டாவ பல வருஷம் ஓட்டுன அனுபவம்

எம்பர்ங்கிற ஜாவாஸ்கிரிப்ட் ஃபிரேம்வொர்க்ல சர்வர் டேட்டாவ கையாள்ற லைப்ரரிதான் எம்பர் டேட்டா. அது எப்படினு யாரு கேட்டாலும் நான் முதல்ல சொல்றது இதுதான், ரெக்கார்டு எந்த ஸ்டேட்ல இருக்குனு அது உங்களுக்காக ஞாபகம் வச்சுக்கும், ஆனா நீங்க நினைக்கிற எல்லாத்தையும் ஞாபகம் வச்சுக்காது. இந்த வித்தியாசம் எங்க டீமுக்கு மண்டைல ஏற ரெண்டு வருஷம் ஆச்சு, நடுவுல ஒரே சரக்குக்கு ரெண்டு எல்ஆர் (லாரி ரசீது) விழுந்து கஸ்டமர்கிட்ட திட்டு வாங்குனதும் அதுல சேத்தி.

2015 ஆரம்பத்துல லாரி புக்கிங் ஆபீஸ்களுக்கு ஒரு வெப் ஆப் எழுத ஆரம்பிச்சோம். புக்கிங், அதுக்குள்ள ஐட்டம், வண்டி, டிரிப் ஷீட், பில், இப்படி நிறைய மாடல், எல்லாம் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு. எம்பர் டேட்டா அப்ப 1.0 பீட்டாதான், 2013 செப்டம்பர்லருந்து பீட்டா 1, பீட்டா 2னு ஏறிக்கிட்டே இருந்துச்சே தவிர ஒழுங்கா ஒரு 1.0 வரவே இல்ல, கடைசில 2015 ஜூன்ல எம்பரோட நம்பருக்கு சமமா நேரா 1.13னு வந்து நின்னுச்சு, அடுத்த ரெண்டு மாசத்துல 2.0. அந்த 1.13 போட்ட அன்னைக்கு கன்சோல் முழுக்க மஞ்சள் வார்னிங். 'இஸ்டர்ட்டி' (சேவ் பண்ணாத மாத்தம் இருக்கானு சொல்றது) இனிமே 'ஹேஸ்டர்ட்டிஆட்ரிபியூட்ஸ்', 'ரோல்பேக்' (மாத்துனத பழையபடி ஆக்குறது) இனிமே 'ரோல்பேக்ஆட்ரிபியூட்ஸ்', 'ஃபைண்ட்' இனிமே 'ஃபைண்ட்ரெக்கார்டு'. இவ்ளோ நீளமா பேரு வச்சு யாருக்கு என்ன லாபம்னு திட்டிக்கிட்டேதான் மாத்துனோம். ஆனா அந்த நீளப் பேருலதான் மொத்த விஷயமும் இருந்துச்சு, அதுக்கு அப்புறம் வர்றேன்.

தெரியாதவங்களுக்காக ஸ்டேட் விஷயம் கொஞ்சம். ஸ்டோருக்குள்ள, அதாவது பிரவுசர்ல ரெக்கார்டு எல்லாம் சேந்து இருக்கிற இடத்துல, ஒவ்வொரு ரெக்கார்டும் ஒரு ஸ்டேட்ல இருக்கும், அதுக்கு 'ரூட்.லோடட்.சேவ்டு' மாதிரி புள்ளி வச்ச பேரு. சர்வர்லருந்து வந்து சும்மா உக்காந்திருந்தா சேவ்டு. ஒரு ஃபீல்ட மாத்துனா 'அப்டேட்டட்.அன்கமிட்டட்', சேவ் கூப்ட்டா ரெஸ்பான்ஸ் வர்ற வரைக்கும் 'இன்ஃப்ளைட்', சர்வர் 422 (குடுத்த டேட்டா சரியில்லனு சொல்ற கோடு) அனுப்புனா 'இன்வேலிட்', சரினு சொல்லிட்டா மறுபடி சேவ்டு. புதுசா கிரியேட் பண்ணதுக்கும் டெலீட் பண்ணதுக்கும் இதே மாதிரி தனித்தனி கிளை. நம்ம கோடுல இந்தப் புள்ளி வச்ச பேர தொட வேண்டியதில்ல, இஸ்நியூ, இஸ்சேவிங், இஸ்டெலீட்டட், இஸ்வேலிட், இஸ்எரர்னு கொடிங்க இருக்கு, டெம்ப்ளேட்ல நேரா போட்டுக்கலாம்.

இதுல கிடைக்கிற சுகம் நிஜமான சுகம், குறை சொல்றதுக்கு முன்னாடி இதையும் சொல்லணும். அதுக்கு முன்ன ஜேகுவரில எழுதும்போது ஒவ்வொரு ஃபார்முக்கும் 'லோடிங்' ஒரு வேரியபிள், 'மாறிடுச்சா' ஒரு வேரியபிள், எதையாவது ஒரு இடத்துல ஆஃப் பண்ண மறந்து ஸ்பின்னர் சுத்திக்கிட்டே இருக்கும். இதுல பட்டன்ல இஸ்சேவிங் போட்டா முடிஞ்சுது. நெட் கட்டாகி சேவ் ஃபெயிலானாலும் யூசர் டைப் பண்ணது போகாது, ரெக்கார்டு மறுபடி அன்கமிட்டடுக்கு வந்துரும், திரும்ப சேவ் அழுத்துனா போதும். புக்கிங் ஆபீஸ்ல நெட்டு எப்படி இருக்கும்னு சொல்லவே வேணாம், இந்த ஒரு விஷயத்துக்காகவே நாங்க இதவிட்டு ஓடாம இருந்தோம். அப்புறம் எம்பர் இன்ஸ்பெக்டர், அதுல டேட்டா டேப் திறந்தா புது ரெக்கார்டு பச்சைல, மாத்துனது நீலத்துல, சுத்தமா இருக்கிறது கறுப்புல தெரியும். பாதி பிழைய கண்டுபிடிச்சது கோடு படிச்சு இல்ல, அந்தப் பச்சை வரியப் பாத்துதான்.

சரி, அடி வாங்குன கதைக்கு வர்றேன்.

முதல் அடி டபுள் சேவ். புக்கிங் பட்டன டிசேபிள் பண்ண மறந்துட்டோம், கவுண்டர்ல இருந்த அண்ணன் நெட்டு ஸ்லோனு ரெண்டு தடவ அழுத்திட்டார். இன்ஃப்ளைட்ல இருக்கும்போது ரெண்டாவது சேவ் கூப்ட்டா ஸ்டேட் மெஷின் அதத் தடுத்துரும்னு நான் நம்பிக்கிட்டு இருந்தேன். தடுக்கல. ரெக்கார்டு இன்னும் இஸ்நியூதானே, அதனால இன்னொரு போஸ்ட் (புதுசா சேக்கச் சொல்ற ரெக்வஸ்ட்) போயிடுச்சு, சர்வர்ல ரெண்டு எல்ஆர், ஸ்கிரீன்ல ஒண்ணு. மத்தியானம் கோடவுன்ல சரக்கு எண்ணும்போதுதான் தெரிஞ்சுது. அன்னைலருந்து எங்க சேவ் ஆக்‌ஷன் எல்லாத்துலயும் முதல் வரி இஸ்சேவிங்கா இருந்தா திரும்பிப் போனு இருக்கும், சர்வர்லயும் ஒரு யூனிக் கீ.

ரெண்டாவது அடி வெப்சாக்கெட், அதாவது நாம கேக்காமலே சர்வர் சேதி அனுப்புற லைன். புக்கிங் போட்டா மத்த கவுண்டர்லயும் உடனே தெரியணும்னு கேட்டாங்க, சாக்கெட்ல வர்றத ஸ்டோருக்குள்ள புஷ் பண்ணோம், டெமோல பிரமாதமா ஓடுச்சு. லைவ்ல போட்டதும் எப்பவாவது ஒரு எரர், சர்வர் குடுத்த புது ஐடி ஏற்கனவே வேற ரெக்கார்டுக்கு போயிடுச்சுனு. மூணு நாள் தேடுனோம். விஷயம் என்னன்னா போஸ்டோட ரெஸ்பான்ஸ் வர்றதுக்கு முன்னாடியே சாக்கெட்ல அதே புக்கிங் வந்துடுது, ஸ்டோர் அதுக்கு ஒரு ரெக்கார்டு போட்டுடுது, அப்புறம் நம்ம ஐடி இல்லாத ரெக்கார்டுக்கு ரெஸ்பான்ஸ் வந்து அதே ஐடிய கேக்குது. ஒரு டைப்புக்கு ஒரு ஐடினா ஒரே ஒரு ரெக்கார்டுதான், அதுல ஸ்டோர் கறார். கடைசில ஒரு கிளையன்ட் டோக்கன் அனுப்பி, நாமளே போட்ட புக்கிங்கோட சாக்கெட் மெசேஜ நாமளே ஒதுக்குற மாதிரி பண்ணோம். அழகான வழி இல்ல, ஆனா ஓடுது.

இந்த 'ஒரே ஒரு ரெக்கார்டு' விஷயம் நல்லதும்தான் கெட்டதும்தான். ஒரு இடத்துல வண்டி நம்பர் மாத்துனா எல்லா ஸ்கிரீன்லயும் மாறும்னு முதல்ல சந்தோஷப்பட்டோம், அப்புறம் பாத்தா சேவே பண்ணல, பாதி டைப் பண்ணதே பக்கத்துல இருக்கிற லிஸ்ட்ல எழுத்து எழுத்தா மாறுது. புதுசா கிரியேட் பண்ண ரெக்கார்டும் அப்படித்தான், ஃபைண்ட்ஆல் குடுக்கிறது உயிரோட இருக்கிற லிஸ்ட், ஃபார்ம் திறந்த நிமிஷமே பேரே இல்லாத ஒரு காலி வரி லிஸ்ட்ல வந்து உக்காந்துக்கும், யூசர் ஃபார்ம விட்டு வெளிய போனாலும் அது போகாது. டெம்ப்ளேட்ல இஸ்நியூ இல்லாததா பாத்து ஃபில்டர் பண்ணணும், ரூட்ட (ஆப்புல அந்த ஸ்கிரீனோட பக்கம்) விட்டு வெளிய போகும்போது இஸ்நியூவா இருந்தா ரோல்பேக்ஆட்ரிபியூட்ஸ் கூப்டணும், புது ரெக்கார்டு அதுலயே ஸ்டோர விட்டுப் போயிடும். இத நாங்க ஒவ்வொரு ரூட்லயும் தனித்தனியா எழுதி, நாலுல மறந்து, அப்புறமாதான் ஒரு மிக்ஸினா, அதாவது எல்லா இடத்துலயும் சேத்துக்கிற பொதுக் கோடா மாத்துனோம்.

இப்ப அந்த நீளப் பேரு. ஹேஸ்டர்ட்டிஆட்ரிபியூட்ஸ், ஆட்ரிபியூட்ஸ் மட்டும், அதாவது ரெக்கார்டோட சொந்த ஃபீல்டு. வேற ரெக்கார்டோட இருக்கிற தொடர்பு, அந்த ரிலேஷன்ஷிப் அதுல கிடையாது. நாங்க பேர மாத்துனோமே ஒழிய படிக்கல. புக்கிங் ஸ்கிரீன விட்டுப் போகும்போது 'சேவ் பண்ணாம போறீங்களா'னு கேக்குற டயலாக்க இந்தக் கொடிய நம்பித்தான் வச்சோம். ஒருத்தங்க பழைய புக்கிங்ல பதினோரு ஐட்டம் புதுசா சேத்துட்டு தெரியாம பேக் அழுத்திட்டாங்க, டயலாக் வரல, ஏன்னா புக்கிங்கோட சொந்த ஃபீல்டு எதுவும் மாறல, ஐட்டம் லிஸ்ட்தான் மாறுச்சு, அது கணக்குல இல்ல. நம்ம ரோல்பேக் மிக்ஸின் வந்து பதினொண்ணையும் சுத்தமா தொடச்சுட்டு போயிடுச்சு. இது எதிர்ப்பக்கமும் அடிக்கும், லிஸ்ட்லருந்து ஒரு ஐட்டத்த எடுத்துட்டு கேன்சல் அழுத்துனா ரோல்பேக் ஆகுறது வெயிட்டும் ரேட்டும்தான், எடுத்த ஐட்டம் திரும்பி வராது. ஸ்கிரீனுக்குள்ள வரும்போதே ஐட்டம் லிஸ்ட்ட ஒரு அர்ரேல காப்பி எடுத்து வச்சு, போகும்போது ஒப்பிட்டுப் பாத்து, கேன்சல்னா அதவச்சு திரும்ப அடுக்கி, இப்படி கையால பண்றதுதான் எங்க வழி.

ஐட்டத்த புக்கிங்குக்குள்ளயே எம்பெட் பண்ணி ஒரே போஸ்ட்ல அனுப்புறவங்களுக்கு இன்னொண்ணு காத்திருக்கு. சேவ் ஆகி வந்ததும் ஐட்டம் எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியும். சர்வர் ஐடி போட்டு அனுப்புனது ஒரு செட், ஐடி இல்லாம நாம கிரியேட் பண்ணது இன்னொரு செட், ரெண்டும் ஒண்ணுதான்னு ஸ்டோருக்கு எப்படித் தெரியும் பாவம். சேவ் முடிஞ்சதும் இஸ்நியூவா மிச்சம் இருக்கிறத எல்லாம் நாமளே துரத்திவிடணும்.

சின்னச் சின்னதா இன்னும் இருக்கு. வெயிட் 10னு சர்வர்லருந்து நம்பரா வருது, யூசர் இன்புட்ல 12னு மாத்தி திரும்ப 10னு டைப் பண்றாரு. பழைய மதிப்புக்கே வந்துட்டா ரெக்கார்டு தானா சுத்தமாயிடணும், அந்த வசதி இருக்கு, ஆனா இன்புட் குடுக்கிறது எழுத்தா '10', அது நம்பர் 10 இல்ல, அதனால டர்ட்டியாவே நிக்கும். தேதிலயும் இதே கதை. அப்புறம் ஆட்ரிபியூட்ல ஒரு ஆப்ஜெக்ட வச்சு அதுக்குள்ள இருக்கிறத மாத்துனா தலைகீழா, மாறுனது அதுக்குத் தெரியவே தெரியாது.

422 கதைய தனியா சொல்லணும், இதுல தப்பு முழுக்க எங்களோடது. சர்வர் எரர் அனுப்பும்போது எந்த ஃபீல்டுனு 'டேட்டா/ஆட்ரிபியூட்ஸ்/வெயிட்' மாதிரி பாத் குடுத்தா, மாடலோட எரர்ஸ்ல அழகா அந்த ஃபீல்டுக்குக் கீழ வந்து உக்காரும், யூசர் அந்த ஃபீல்ட திருத்துன உடனே அந்த எரர் போயிடும், எல்லா எரரும் போனா ரெக்கார்டு இன்வேலிட்லருந்து வெளிய வந்துரும். நாங்க புத்திசாலித்தனமா இஸ்வேலிட் இல்லனா சேவ் பட்டன டிசேபிள் பண்ணிட்டோம். ஒருநாள் ஜூனியர் வந்து "அண்ணா, எல்லாத்தையும் திருத்திட்டேன்ங்கிறாங்க, பட்டன் மட்டும் வெளுப்பாவே இருக்கு"ன்னான். பாத்தா பேக்கெண்ட்ல புதுசா சேத்த ஒரு செக், ஃபார்ம்லயே இல்லாத பிராஞ்ச் கோடு ஃபீல்டுல எரர் போட்டு அனுப்புது. ஃபார்ம்ல இல்லாதத யூசர் எப்படித் திருத்துவாரு, எரர் போகாது, பட்டன் திறக்காது. இன்வேலிட்ல இருந்தாலும் சேவ் கூப்டலாம், அது பழைய எரர தொடச்சுட்டு திரும்ப முயற்சி பண்ணும், பட்டன பூட்டி வச்சதே தேவையில்லாத வேலை.

டெலீட்டும் இப்படித்தான் ஏமாத்தும். டெஸ்ட்ராய்ரெக்கார்டு கூப்ட்டு சர்வர் முடியாதுனு சொல்லிட்டா, ரெக்கார்டு தானா பழைய நிலைக்கு வராது, இஸ்டெலீட்டட் அப்படியே நிக்கும். நாங்க லிஸ்ட்ல அதவச்சு ஒளிச்சிருந்தோம், அதனால பில் போட்ட புக்கிங்க டெலீட் பண்ணா சர்வர் மறுக்குது, ஸ்கிரீன்ல வரி மறைஞ்சிடுது, ரீஃப்ரெஷ் பண்ணா பேய் மாதிரி திரும்பி வருது. கேட்ச்ல ஒரு ரோல்பேக் போட்டதும் சரியாச்சு. டெலீட் ஆன ரெக்கார்ட தெரியாம தொட்டா 'ரூட்.டெலீட்டட்.சேவ்டு ஸ்டேட்ல இருக்கும்போது டிட்செட்பிராப்பர்ட்டி இவென்ட்ட கையாளப் பாத்த'னு ஒரு எரர் வருமே, அத முதல் வருஷம் பாத்தவங்க யாரும் மறக்க மாட்டாங்க. பாக்கத்தான் பயங்கரம், பழகிட்டா அதுவே நல்ல துப்பு, எந்த ரெக்கார்டு, எந்த ஸ்டேட், என்ன பண்ணப் போனோம்னு எல்லாம் அந்த ஒரே வரில இருக்கும்.

2018 வாக்குல ஒரு முடிவு எடுத்தோம், ஃபார்ம்ல ரெக்கார்ட நேரா கட்டக் கூடாது. எம்பர் சேஞ்ச்செட்னு ஒரு ஆடான், யூசர் டைப் பண்றதெல்லாம் அதுல சேரும், சேவ் அழுத்துனாத்தான் ரெக்கார்டுக்கு இறங்கும். லிஸ்ட்ல எழுத்து எழுத்தா மாறுறது நின்னுச்சு, கேன்சல்னா சேஞ்ச்செட்ட தூக்கிப் போட்டா போதும். ரெக்கார்டோட ஸ்டேட்ட சர்வரோட நடக்கிற பேச்சுவார்த்தைக்கு மட்டும் நம்பறது, யூசரோட பாதி வேலைக்கு நம்பறதில்ல. ரிலேஷன்ஷிப்புக்கு மட்டும் இன்னமும் அந்த கையால காப்பி எடுக்கிற வேலைதான்.

நாங்க 3.28ல ரொம்ப நாள் உக்காந்திருந்துட்டு அப்புறம்தான் 4க்கு ஏறுனோம். இப்ப அந்த லைப்ரரி வார்ப்டிரைவ்னு புதுப் பேருல போகுது, அதோட புது ஸ்டைல்ல ரெக்கார்டு முதல்லருந்தே மாத்த முடியாததா இருக்கும், எடிட் பண்ணணும்னா செக்அவுட்னு ஒரு தனிக் காப்பி கேக்கணும்னு படிச்சப்ப, இத 2015லயே குடுத்திருந்தா எனக்கு நாலு முடி நரைக்காம இருந்திருக்கும்னு தோணுச்சு.

புதுசா ஒரு சின்ன ஆப் எழுதறவங்களுக்கு இதச் சொல்ல மாட்டேன், நாலு ஃபெட்ச் கால் போதும்னா நாலு ஃபெட்ச் கால் எழுதிட்டு போங்க. மாடல் முப்பது தாண்டுது, ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிது, ஒரே டேட்டா அஞ்சு ஸ்கிரீன்ல வருதுனா இது வலிக்கு ஏத்த வசதிதான். எங்க ஆப்ல சேஞ்ச்செட்டுக்கு மாறாத ஸ்கிரீன் இன்னும் ஒண்ணு மிச்சம், டிரிப் ஷீட். பதிமூணு ரிலேஷன்ஷிப் அதுல. ஒவ்வொரு ஸ்பிரின்ட்லயும் அந்த டிக்கெட் வரும், எல்லாரும் அவங்கவங்க லேப்டாப்ப உத்துப் பாப்போம், அடுத்த ஸ்பிரின்டுக்கு போயிடும்.