பழனிக்கு நடக்கிறீர்களா? மூட்டையை வேனில் போடுமுன் ஒரு நிமிடம்

இந்தத் தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடந்தோம். நான், பெரியம்மா, தம்பி, எதிர்வீட்டு அக்கா, அவர் மகன் என ஐந்தே பேர். வழக்கமாகப் போகும் ஊர்க்குழு முன்னாடியே கிளம்பிவிட்டதால், சின்னக் குழுக்களைக் கூட்டிப்போகும் ஒருவரிடம் தலைக்கு 3,000 ரூபாய் கட்டினோம். மூட்டைக்கு வேன், மூன்று வேளைச் சாப்பாடு, ராத்திரி தங்க மண்டபம் என்று பேச்சு. ரசீதில் வேலும் மயிலும் பெரிதாக இருந்தன. முகவரி இல்லை, வேன் நம்பர் இல்லை. சாமி காரியமாச்சே என்று நாங்களும் கேட்கவில்லை.

சிங்கம்புணரி வரை நடையில் குறையில்லை. சாப்பாட்டுக்கு அவர் கைகாட்டியது சாலையோர அன்னதானப் பந்தலை. சரி, முதல் நாள்தானே என்று விட்டோம். மறுநாள் கொட்டாம்பட்டி தாண்டியும் அதே கதை. வரிசையில் நின்று புளியோதரை, மோர். பந்தலில் விசாரித்தால் அப்படி ஓர் ஆளையே அவர்களுக்குத் தெரியவில்லை. யாரோ வேண்டுதலுக்குப் போடும் சோற்றுக்கு இவர் எங்களிடம் காசு வாங்கியிருக்கிறார்!

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நத்தம் போய்ச் சேர்ந்தால் வேனைக் காணோம். மண்டபத்தில் எங்கள் பேரில் இடமும் சொல்லி வைக்கவில்லை. போன் போட்டால், “பத்து நிமிஷம், வந்துக்கிட்டே இருக்கு.” எட்டு மணிக்கு மேல் ஸ்விட்ச் ஆஃப். போர்வை, மாற்றுத்துணி, பெரியம்மாவின் பிரஷர் மாத்திரை எல்லாம் வேனில். மாத்திரையின் பேர் அவருக்கு நினைவில்லை, “சின்னதா, வெள்ளையா இருக்கும்” என்கிறார். மெடிக்கல்காரர் என்ன செய்வார்? தைப் பனியில், பூட்டிய கடை வாசலில் பழைய பிளெக்ஸ் பேனரை விரித்துப் படுத்தோம். கொப்புளம் வெடித்த காலுக்கு டீக்கடைக்காரர்தான் தேங்காய் எண்ணெய் கொடுத்தார்.

திண்டுக்கல் போகும் வழியில் விஷயம் புரிந்தது. கூட நடந்துவந்த வேறொரு குழுவிடமும் அதே ரசீது. ஒரே வேனை மூன்று குழுவுக்குப் பேசியிருக்கிறார். அது பெரிய குழுவோடு முன்னே போய்விட்டது. நத்தம் தாண்டிய மூன்றாம் நாள், பழனியில் சண்முகநதிக் கரையில் எங்கள் மூட்டைகள் மண்ணில் கிடந்தன. காவலுக்கு நின்ற டிரைவரைத் திட்டவும் மனசு வரவில்லை. அவருக்கே வாடகை பாக்கியாம்.

அடுத்த வருடம் யாரிடமாவது பணம் கட்டுகிறவர்கள் வேன் நம்பரையும் டிரைவர் நம்பரையும் முதலில் வாங்குங்கள். தங்கும் மண்டபத்துக்கு நீங்களே போன் செய்து கேளுங்கள். பாதிப் பணத்தைப் பழனியில் கொடுங்கள். மாத்திரை, ஒரு போர்வை, டார்ச் தோள்பையிலேயே இருக்கட்டும். மாத்திரை அட்டையைப் போனில் படம் எடுத்து வையுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டு இருபது தடவையாவது கூப்பிட்டிருப்பேன். போன வாரம் ஜிபேயில் 500 ரூபாய் வந்தது. கூடவே ஒரு குறிப்பு: ‘முருகன் துணை’.